இங்கிலாந்தில் ஏழே நாள், மூன்று நண்பர் வீடு: எப்படிப் பிரிப்பது?

தமிழாசிரியை, அஸ்தம்பட்டி

வணக்கம். நானும் என் கணவரும் ஜூன் மாதக் கடைசியில் இங்கிலாந்து போகிறோம். கையில் இருப்பது ஏழு நாள். ஆடி பிறப்பதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டும்போது நான் சேலத்தில் இல்லாமல் இருந்ததே இல்லை. விசா வந்துவிட்டது, விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று. குழப்பமெல்லாம் நடுவில் இருக்கும் அந்த ஏழு நாளில்தான்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் கேள்வி புரியும். எனக்கு வயது 61, அவருக்கு 65. நான் அரசுப் பள்ளியில் 32 ஆண்டுகள் தமிழ் நடத்தியவள். அவர் சேலம் உருக்காலையில் கோல்டு ரோலிங் எனும் எஃகுத் தகடு உருட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு வலது முழங்காலில் வலி உண்டு. மெதுவாக நடந்தால் நடப்பேன், ஓடிப்போய் ரயில் பிடிக்க முடியாது.

அங்கே எங்களுக்கு மூன்று வீடுகள் இருக்கின்றன. ஆக்ஸ்போர்டில், ஹெடிங்டன் என்ற பகுதியில், என் கல்லூரி விடுதித் தோழி மகளோடு இருக்கிறாள். மூன்று ஆண்டுகள் ஒரே அறை, ஒரே பெட்டி, ஒரே எண்ணெய்க் கிண்ணம் என்று வாழ்ந்தவர்கள் நாங்கள். நேரில் பார்த்து 19 ஆண்டுகள் ஆகின்றன. ஷெஃபீல்டில் என் கணவரோடு ஒரே ஷிப்டில் நின்ற நண்பர் மகன் வீட்டில் இருக்கிறார். லண்டன் ஈஸ்ட் ஹாமில், முன்பு சேலம் ஃபேர்லாண்ட்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் 11 ஆண்டுகள் குடியிருந்த தம்பதியர் இருக்கிறார்கள். மூவருமே "எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

என் நாத்தனார் மகன் ஒரு திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறான். லண்டன் இரண்டு நாள், ஸ்டோன்ஹெஞ்சும் பாத் நகரமும் ஒரு நாள், ஸ்ட்ராட்ஃபோர்டும் ஆக்ஸ்போர்டும் ஒரு நாள், மான்செஸ்டர், ஏரி மாவட்டம், அதற்கு மேல் எடின்பரோ, அங்கிருந்து மறுபடி லண்டன். அன்போடு உட்கார்ந்து போட்ட திட்டம். ஆனால் அதில் நண்பர் வீடுகள் இரவு படுக்க மட்டுமே வருகின்றன. ஷெஃபீல்டு வரவே இல்லை. அதைப் பார்த்ததும் என் கணவர் ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டார்.

எனக்கு உண்மையில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஆக்ஸ்போர்டில் ஜி.யு. போப் அடக்கம் செய்யப்பட்ட இடம். 1886இல் திருக்குறளையும், எண்பதாம் வயதில் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த மனிதர். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் அவர் பெயரைச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். என் கணவருக்கு ஷெஃபீல்டு. துருப்பிடிக்காத எஃகு பிறந்த ஊர் அது என்று எங்கள் திருமணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கேட்க நினைப்பது இதுதான். பெரிய ஊர்களையெல்லாம் விட்டுவிட்டு மூன்று நண்பர் வீட்டோடு நிறுத்திக்கொண்டால், அவ்வளவு செலவு செய்து போனதற்கு வருத்தப்படுவோமா? இரண்டு மூன்று நாள் ஒருவர் வீட்டில் தங்குவது அங்கே அவர்களுக்குப் பாரமாக இருக்குமா? அங்கே வீடுகள் சிறியவை, ஒரே குளியலறைதான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

காபித் தோட்டக்காரர், ஏற்காடு

சகோதரி, உங்கள் நாத்தனார் மகன் போட்ட திட்டத்தைப் போலவே ஒன்றை வைத்துக்கொண்டு சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் போனோம். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பள்ளித் தோழன் லெஸ்டரில் இருக்கிறான். ஏற்காட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். மழை நாட்களில் ஒரே கம்பளிக்குள் நடந்து பள்ளிக்குப் போனவர்கள். நாங்கள் வருகிறோம் என்று இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தான். அன்று ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பஸ்ஸில் ஸ்டோன்ஹெஞ்சும் பாத் நகரமும் பார்த்துவிட்டு, லண்டன் திரும்பி, ரயில் மாறி, அவன் வீட்டை அடைந்தபோது இரவு பத்தே முக்கால். அவன் வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் மனைவி அரிசியும் பருப்பும் சேர்த்துச் சோறு ஆக்கி, மூன்று தடவை சூடு பண்ணி வைத்திருந்தார். சாப்பிட்டோம், கண் சொருகியது, படுத்துவிட்டோம். காலை ஏழு மணிக்கு அடுத்த ஊருக்கு ரயில். ஊர் வந்து சேர்ந்தபின் அவன் தொலைபேசியில் சொன்னது: "நீ வந்தது மாதிரியே இல்லையடா." அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

ஸ்டோன்ஹெஞ்சைக் குறை சொல்லவில்லை. அது பெரிய விஷயம்தான். ஆனால் இறங்கும் இடத்திலிருந்து கற்கள் சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. வேறு வண்டியில் ஏறிப் போய், கயிற்றுக்கு வெளியே சுற்றி வந்து, மறுபடி வண்டிக்கு நின்று, பஸ்ஸுக்கு ஓட வேண்டும். எங்களுக்குக் கற்களின் முன்னால் கிடைத்தது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் லெஸ்டரின் மாலை நேரம் முழுவதும் போயிற்று.

எனவே எடின்பரோ, ஏரி மாவட்டம், மான்செஸ்டர், ஸ்டோன்ஹெஞ்ச் எல்லாவற்றையும் தயங்காமல் அடியுங்கள். எடின்பரோ இங்கிலாந்தே அல்ல, ஸ்காட்லாந்து. அதற்குத் தனியாக ஒரு பயணம் வேண்டும். உங்கள் மூன்று வீடுகளும் ஒரு முக்கோணமாக, அழகாக அமைந்திருக்கின்றன. லண்டனில் தொடங்காதீர்கள். ஹீத்ரோவில் இறங்கியதும் அங்கிருந்தே ஆக்ஸ்போர்டுக்கு நேரடி பஸ் இருக்கிறது, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அது ஹெடிங்டன் வழியாகத்தான் ஊருக்குள் நுழையும், தோழியின் வீட்டருகே இறங்கிவிடலாம். விமானக் களைப்போடு லண்டன் சுரங்க ரயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு படியேற வேண்டியதில்லை. ஆக்ஸ்போர்டில் இரண்டு இரவு. பிறகு பர்மிங்காமில் ரயில் மாறி ஷெஃபீல்டு, அங்கே இரண்டு இரவு. ஷெஃபீல்டிலிருந்து லண்டன் செயின்ட் பாங்க்ராஸுக்கு நேர் ரயில், இரண்டு மணி நேரத்தை ஒட்டி. மீதி நாள் ஈஸ்ட் ஹாம், அங்கிருந்து விமானம். போன வழியில் திரும்பி வரும் அலைச்சல் எங்குமே இல்லை.

லண்டனில் எதையும் இழந்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். செயின்ட் பாங்க்ராஸிலிருந்தே ஈஸ்ட் ஹாமுக்கு மாறாமல் போகும் ரயில் உண்டு, ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன். ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன், வரைபடத்தில் பச்சைக் கோடு. அந்த ஒரே கோட்டில் டவர் ஹில், வெஸ்ட்மின்ஸ்டர், சவுத் கென்சிங்டன் மூன்றும் வரிசையாக வருகின்றன. ரிச்மண்ட் போகும் வண்டியாகப் பார்த்து ஏறினால் கியூ தாவரவியல் பூங்கா வரை உட்கார்ந்தே போகலாம். உங்கள் முழங்காலுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஜூன் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். காலையில் அவசரப்படவே வேண்டாம்.

சவுத் கென்சிங்டனில் இறங்கினால் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணம் கிடையாது. திப்புவின் மரப்புலி அங்கேதான் இருக்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தபோது எடுத்துப் போனது. வெள்ளைக்காரச் சிப்பாயின் மேல் ஏறி நிற்கும் புலி, உள்ளே காற்றுத்துருத்தி வைத்த இசைக்கருவி. சேலத்துக்காரர்கள் அதன் முன்னால் கொஞ்சம் நின்றாக வேண்டும். அதற்கு ஏழு ஆண்டு முன்பு, 1792 உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த நாட்டில் நம் சேலமும் பாரமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) இருந்தன. நம் மலைக்குக் காபியைக் கொண்டுவந்த காக்பர்ன் கலெக்டராக இங்கே வந்து உட்கார்ந்தது அதன் பிறகு நடந்த கதைதானே. நான் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது சங்ககிரிக் கோட்டைதான் கண்ணுக்குள் வந்தது.

கியூவுக்குக் கட்டணம் உண்டு, ஆனால் நான் செலவழித்த பணத்தில் மனம் நிறைந்தது அங்கேதான். பாம் ஹவுஸ் என்று இரும்பும் கண்ணாடியுமாய் ஒரு பெரிய கூடம், 1848இல் கட்டி முடித்தது. கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் எதிரே பலாமரம். இன்னும் கொஞ்சம் தள்ளி நித்தியகல்யாணி, நம் வீட்டு வேலியோரத்தில் தானாக முளைப்பது, அங்கே பெயர்ப்பலகையோடு நிற்கிறது. புற்றுநோய் மருந்து எடுக்கும் செடி என்பதால் அந்த மரியாதை. 1775இல் கொண்டுவந்து தொட்டியில் வைத்த ஒரு சைக்கட் வகை மரம், பார்க்கப் பனை போல் இருப்பது, இன்றும் அதே கூடத்தில் உயிரோடு இருக்கிறது. என் மனைவி அதன் அடியில் போட்டிருந்த பெஞ்சை விட்டு எழவே இல்லை.

பாரமாக இருக்குமா என்று கேட்டீர்கள். ஒரே குளியலறைதான், உண்மை. அவர்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு குளியுங்கள். ஒரு வேளைச் சமையலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பாரம் என்று நினைத்துச் சீக்கிரம் கிளம்புவதுதான் அவர்களுக்கு வலிக்கும். எனக்குத் தெரியும்.

ஆத்தூர்ப் பெண், ஷெஃபீல்டு

அம்மா, நான் ஆத்தூர். ஆக்ஸ்போர்டில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு இப்போது ஷெஃபீல்டில் ஆறாவது ஆண்டாக இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்காகவே எழுதியதுபோல் இருந்தது.

போப் ஐயாவின் கல்லறை செயின்ட் செபல்கர்ஸ் என்ற பழைய இடுகாட்டில் இருக்கிறது. வால்டன் தெருவிலிருந்து உள்ளே ஒரு பாதை போகும், கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவோம். பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். உள்ளே தரை மேடு பள்ளமாக, புல் மண்டியிருக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள், ஐயாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பகலிலேயே போய்விடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று கல்லில் பொறித்திருப்பதாகத்தான் நாமெல்லாம் படித்தோம். அந்த வரியை எதிர்பார்த்துப் போய், கல்லைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். அது அங்கே இல்லை. பிறந்தது 1820 ஏப்ரல் 24, மறைந்தது 1908 பிப்ரவரி 11, பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்று இருக்கிறது. பிறகு, இந்தக் கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து நட்டார்கள் என்று இருக்கிறது. முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்புறம் அங்கேயே நின்று யோசித்தேன். நூறாண்டுக்கு முன்னால் நம் ஊர்ப்பக்கத்து மனிதர்கள் பணம் சேர்த்துக் கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த வரியைவிட இது எனக்குப் பெரிதாகப் பட்டது. நீங்கள் வகுப்பில் சொல்லியிருக்கக்கூடிய கதை என்பதால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

இனி ஐயாவுக்கு. ஷெஃபீல்டு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படுவதே துருப்பிடிக்காத எஃகில் செய்த நீண்ட சுவர், அதன் மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அப்படியே எதிரே மேட்டில் ஏறினால் ஒரு கட்டடத்தின் பக்கச் சுவர் முழுவதும் ஹாரி பிரியர்லியின் ஓவியம். துப்பாக்கிக் குழலின் உட்புறம் தேய்வதைத் தடுக்க வழி தேடி, 1913இல் குரோமியம் கூட்டிய எஃகை அவர் வார்த்துப் பார்த்த ஊர் இது. கெல்ஹம் தீவு அருங்காட்சியகத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள். வாசலிலேயே, இரும்பை எஃகாக்கும் ஒரு பெஸ்ஸிமர் உலை நிற்கிறது. உள்ளே 1905இல் செய்த ரிவர் டான் நீராவி எஞ்சின், 12,000 குதிரைத்திறன், கவசத் தகடுகளை உருட்டிய எஞ்சின். அதை இயக்கிக் காட்டும் நாட்களும் நேரமும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது திசை மாறிச் சுழலும்போது காலடியில் தரை அதிரும். தகடு உருட்டியே வாழ்ந்த ஒருவர் அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

மறுநாள் பீக் மாவட்டம். அங்குள்ள ஹாதர்சேஜ் கிராமம் ரயிலில் பக்கம்தான். ஏற்காட்டு ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, அங்கே மிக உயர்ந்த கிண்டர் ஸ்கவுட்டே 636 மீட்டர்தான், சேர்வராயனில் பாதிகூட இல்லை. ஆனால் மரமே இல்லாத மலை, காற்று ஆளைத் தள்ளும். ஸ்டானேஜ் பாறைச் சரிவின் அடியில், செதுக்கி முடித்து யாரும் வாங்காமல் விட்டுப்போன திரிகைக் கற்கள் புல்லுக்குள் வட்ட வட்டமாகக் கிடக்கின்றன. எங்கள் பாட்டி வீட்டுத் திரிகையைப் பெரிதாக்கிப் போட்டதுபோல் இருக்கும்.

ரயிலுக்கு டூ டுகெதர் ரயில்கார்டு ஒன்று வாங்குங்கள். ஒரே அட்டையில் இருவர் படமும் இருக்கும், மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். இருவரும் சேர்ந்தேதான் போக வேண்டும், திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பதரைக்கு முன் செல்லாது. முன்பதிவு டிக்கெட் மலிவு, ஆனால் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை ஊர் மாறாதீர்கள், தண்டவாள வேலை என்று பாதி வழியில் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். லண்டனில் வங்கி அட்டையைத் தட்டியே ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒன்றை வைத்து இருவர் போக முடியாது. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கியில் ஊரிலேயே திறந்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெள்ளிப்பட்டறை, சேவாப்பேட்டை

ஒரு சின்ன விஷயம் மட்டும். மூன்று வீட்டுக்கும் பால்கோவா, நெய் மைசூர்பாகு என்று கட்டிக்கொண்டு போய்விடாதீர்கள் அம்மா. பால் பொருள்களையும் இறைச்சியையும் நம் நாட்டிலிருந்து அங்கே கொண்டுபோகத் தடை. என் தங்கை வீட்டுக்குப் போனபோது இரண்டு கிலோ இனிப்பை விமான நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். தட்டுவடை, எள்ளுருண்டை, ஜவ்வரிசி வடாம், காபித்தூள் தாராளமாகக் கொண்டுபோகலாம். தோழிக்குப் பேத்தி இருந்தால் ஒரு ஜோடி கொலுசு. சேலத்திலிருந்து போகிறவர்கள் வேறு என்ன கொண்டுபோவது?

தமிழாசிரியை, அஸ்தம்பட்டி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இதையெல்லாம் சத்தமாக அவருக்குப் படித்துக் காட்டினேன். 12,000 குதிரைத்திறன் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு அந்த நேரத்திலேயே ஷெஃபீல்டு நண்பரை அழைத்தார். இங்கே பதினொன்று, அங்கே மாலை ஆறரை. "இரண்டு இரவு வருகிறோம்" என்றதும், "மூன்றாக்கு" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது எனக்கே காதில் விழுந்தது. லண்டனில் ஒரு நாளைக் குறைத்து மூன்றாக்கிவிட்டோம். டவர் ஹில்லில் உள்ள லண்டன் டவர் கோட்டையை விட்டுவிடுகிறோம். புலியும் பாம் ஹவுஸும் இருக்கட்டும்.

நாத்தனார் மகனிடம் நானே பேசினேன். அவனே உட்கார்ந்து ரயில் டிக்கெட்டுகளைப் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

ஆத்தூர்ப் பெண்ணே, நீ எழுதியது சரி. அந்த வரி கல்லில் இருக்கிறது என்று முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது பணியில் இருக்கும் என் மாணவிகள் இருவர் தமிழாசிரியைகள். அங்கே போய் நின்று, கல்லில் உள்ளதை உள்ளபடி எழுதி எடுத்து வந்து அவர்களுக்குக் கொடுக்கப் போகிறேன். நீ ஷெஃபீல்டில்தானே இருக்கிறாய், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வர வேண்டும். நண்பர் வீட்டில் நான்தான் சமைக்கிறேன்.

ஏற்காட்டுத் தம்பி, நீங்கள் சொன்ன ஷெஃபீல்டு லண்டன் ரயில் லெஸ்டர் வழியாகத்தானே போகிறது?

காபித் தோட்டக்காரர், ஏற்காடு

ஆமாம் சகோதரி, லெஸ்டரில் நின்றுதான் போகும். ஆனால் இரண்டு நிமிட நிறுத்தத்துக்காக அவனை பிளாட்பாரத்தில் நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு தடவை அவனை வாசலில் நிற்க வைத்தது போதும்.

வேறொன்று கேட்கிறேன். எங்கள் தோட்டத்துக் கொட்டை ஒரு கிலோ வறுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் சேலம் இறங்கும்போது அஸ்தம்பட்டிக்கு வந்து, உங்கள் கண் முன்னாலேயே அரைத்துக் கட்டித் தருகிறேன். பாதி உங்களுக்கு, உங்கள் மூன்று வீட்டுக்கும் பிரித்துக் கொடுங்கள். பாதியை ஷெஃபீல்டில் தபாலில் போட்டுவிடுங்கள், அவன் முகவரி எழுதித் தருகிறேன். அடுத்த ஜூனில் ஒரு வாரமும் அவன் வீட்டில்தான் என்று ஒரு சீட்டும் உள்ளே வைத்து அனுப்புகிறேன்.